ஐம்பத்தெட்டு முதல் எழுபத்திரண்டு வரை

அந்த பிஸ்கட் டப்பாவின் மூடியில் இருந்தது கப்பல் படமா குதிரைப் படமா என்று இப்போது என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. கப்பல் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் பழைய வகுப்புத் தோழி ஒருத்தியைப் பார்த்தபோது, குதிரை, அதுவும் முன்னங்காலைத் தூக்கிய குதிரை என்று சாதித்தாள். டப்பாவே சரியாக நினைவில்லாத ஆள் மிச்சத்தை எப்படி ஒழுங்காகச் சொல்லப்போகிறேன் என்று எனக்கே சந்தேகம்தான். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடலாம். ஒருவர் பேசியதை இன்னொருவர் வாயில் வைத்துவிடலாம். ஆனால் இரண்டு எண்கள் மட்டும் பிசகவில்லை. ஐம்பத்தெட்டு, எழுபத்திரண்டு. அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவளிடம் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் சொல்கிறேன்.

அவளை வகுப்பில் லாட்டரி என்று கூப்பிட்டார்கள். காரணம் வந்தது ஒன்பதாம் வகுப்பில்.

அந்த வருஷம் அறிவியல் டீச்சர் ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். கடல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று, கரையில் ஒதுங்கும் பிளாஸ்டிக்கைப் பள்ளிப் பிள்ளைகளை வைத்துக் கணக்கெடுக்கிறதாம். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடற்கரைக்குப் போக வேண்டும். பழைய கல்தூணிலிருந்து ஆரம்பித்து, கடைசி அலை குப்பையை விட்டுப்போன கோட்டின் மேல் நூறு மீட்டருக்குக் கயிறு கட்ட வேண்டும். கயிற்றில் மீட்டருக்கு ஒரு சிவப்பு முடிச்சு. ஒன்றிலிருந்து நூறு வரை எழுதிய சீட்டுகளை டப்பாவில் போட்டுக் குலுக்கி ஐந்து எடுக்க வேண்டும். வந்த எண்ணுக்கு நேராக, தண்ணீர்க் குழாயை வெட்டி ஒட்டிய அரை மீட்டர் சதுரச் சட்டத்தை மணலில் வைத்து, உள்ளே இருக்கும் மேல்மணலைச் சுரண்டிச் சலித்து, சல்லடையில் மிஞ்சுகிற பிளாஸ்டிக்கை எண்ணி எழுதிவிட்டு, எண்ணியதைப் புட்டியில் போட்டு மூட வேண்டும்.

சீட்டு எதற்கு, நிறையக் குப்பை கிடக்கிற இடமாகப் பார்த்து எண்ணினால் போதாதா என்று ஒருவன் கேட்டான்.

"கண்ணுல பட்ட இடத்துக்கு ஓடிப் போய் எண்ணினா அது கணக்கெடுப்பு இல்ல, புகார்," என்றார் டீச்சர். "சட்டத்துக்குள்ள என்ன இருக்கோ அதை மட்டும் எழுதுங்க. வெளிய தங்கமே கிடந்தாலும் எழுதக் கூடாது."

பயிற்சிக்காகக் கரைக்குப் போன முதல் நாள், ஒரு மழைநீர் வாய்க்காலின் வாயை எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டி ஓடினார்கள். நாற்றம் குடலைப் புரட்டியது. இவள் செருப்பின் வார் அந்த இடத்தில் பிய்ந்தது. குனிந்து அதை மாட்டும்போது மணலைப் பார்த்தாள். நின்று பார்த்தால் மணலும் சிப்பித் துண்டும்தான். குனிந்தால்தான் தெரிந்தது. யாரோ சர்க்கரை மூட்டையை அவிழ்த்துக் கொட்டியது போல, பால் வெள்ளையில், துவரம்பருப்பு அளவில், வழவழவென்று குருணைகள். பாசிக்கு அடியிலும் அதுவே, மணலுக்கு அடியிலும் அதுவே.

ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டினாள். எதற்கு உருட்டினாளோ, உருட்டாமலேயே தெரியும். எழுத்துப் படிக்கும் முன்பே அவளுக்கு அது தெரியும். பிய்ந்த செருப்புக் காலால் மணலை இழுத்து அந்த இடத்தை மூடிவிட்டு, கயிற்றில் பக்கத்து முடிச்சு எத்தனையாவது என்று பார்த்தாள். அறுபத்தைந்து.

அவள் வீடு கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருந்த கிடங்கின் மதிலுக்குள் இருந்தது. வாளி, நாற்காலி, புட்டி என்று எதைச் செய்வதானாலும் அதற்கு மூலச்சரக்கு அந்தக் குருணைதான். கப்பலில் வரும் மூட்டைகளைக் கிடங்கில் அடுக்கி வைத்து, அங்கிருந்து லாரியில் ஆலைகளுக்கு அனுப்புவார்கள். அவள் அப்பா அங்கே கூட்டிக் கழுவுகிற ஆட்களுக்கு மேஸ்திரி. மேஸ்திரி என்றால் கையில் துடைப்பம் இல்லை என்று அர்த்தமில்லை; மூன்று துடைப்பங்களில் ஒன்று அவருடையது. அம்மா கிழிந்த மூட்டைகளைத் தைத்துக் கொடுப்பாள். மதிலோரம் வரிசையாக நாலு வீடுகள், ஒன்றரை அறை வீதம். சமையல் மேடைக்கு மேலே இருந்த ஒரே ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் மூட்டை அடுக்கு. வானத்தைப் பார்க்க மேடை மேல் ஏறிக் கழுத்தைத் திருப்ப வேண்டும். உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே கேட். அங்கே வாட்ச்மேன் நோட்டில் நேரம் எழுதிக்கொள்வார். தவழ்ந்த நாளிலிருந்து அவளைத் தெரியும், ஆனாலும் ஒவ்வொரு முறையும், "யாரு, எங்க போறீங்க?" என்று முகத்தைப் பார்க்காமல் கேட்டு எழுதுவார். "பள்ளிக்கூடத்துக்கு மாமா" என்று அவளும் தினமும் சொல்லுவாள்.

அப்பா வேலை முடிந்து வந்து வாசலில் நின்று கால்சட்டை மடிப்பை அவிழ்த்து உதறுவார். சலசலவென்று குருணை கொட்டும். "ஊருக்கெல்லாம் மழையில்ல, நம்ம வீட்டுக்கு மட்டும் தெனமும் பெய்யுது," என்பாள் அம்மா. சின்ன வயதில் இவள் அவற்றை முத்து என்று சொல்லிப் பொறுக்கி மருந்துப் புட்டியில் போட்டுக் குலுக்கி விளையாடுவாள். அந்தப் புட்டி இன்னும் அலமாரியில் இருந்தது.

பயிற்சி நாளன்று சாயங்காலம், தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் ஒரு கம்பி வலை ஆணி அடித்து மாட்டியிருந்தது. ஓரங்கள் குறட்டால் நறுக்கிய மாதிரி முள் முள்ளாக இருந்தன. வாசலில் கிடந்த ஒரு குருணையை எடுத்து வலைக் கண்ணில் வைத்து அழுத்திப் பார்த்தாள். போகவில்லை.

இந்த வலை எங்கிருந்து வந்தது என்று அம்மாவைக் கேட்டாள்.

"வாய்க்கால்ல இருந்ததுடி. சரக்கு போய் அடைச்சுக்கிட்டு ஆபீசுக்குள்ள தண்ணி ஏறிடுச்சு. மேனேஜர் சார் உங்கப்பாவை வாய்க்கு வந்தபடி பேசிட்டாரு. மறுநாளே உங்கப்பா அறுத்தெடுத்துட்டாரு. அதுலேருந்து ஆபீசுல தண்ணியும் இல்ல, நம்ம வீட்ல எலியும் இல்ல," என்று ஒரு கல்லில் இரண்டு மாங்காய் அடித்தவள் மாதிரி சிரித்தாள் அம்மா.

டீச்சர் அன்று கரையில் வைத்து வேறொன்றும் சொல்லியிருந்தார். குருணை எங்கேயாவது கொத்தாகக் கிடைத்தால் ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள் நேரில் வந்து அது எங்கிருந்து வருகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பார்களாம். எந்த இடம், யாருடைய பொறுப்பு, எல்லாம் எழுதி மேலே அனுப்புவார்களாம். யாருடைய பொறுப்பு என்று தேடினால் வலை மாட்டியிருக்கும் ஜன்னலுக்கு வந்து நிற்பார்கள். அப்பாவுக்கு வேலை போனால் வீடும் போகும். வேலையும் வீடும் ஒரே மதிலுக்குள்தான் இருந்தன.

மறுநாள் வகுப்பில், நூறு சீட்டும் யார் எழுதிக்கொண்டு வருகிறீர்கள் என்று டீச்சர் கேட்டபோது அவள் கை தூக்கினாள். கேள்வி கேட்டால் குனிந்து பேனா தேடுகிற பெண் கை தூக்கியதைப் பார்த்து டீச்சருக்கே ஆச்சரியம். இனிமேல் டப்பாவும் உன் பொறுப்பு என்றார்.

வீட்டில் உட்கார்ந்து ஒரே மாதிரி வெள்ளைத் தாளை நூறாக வெட்டி, ஒன்றிலிருந்து நூறு வரை நல்ல கையெழுத்தில் எழுதினாள். இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்தாள். பிறகு ஐம்பத்தெட்டிலிருந்து எழுபத்திரண்டு வரை பதினைந்து சீட்டுகளைத் தனியே எடுத்து, ஜியாமெட்ரி பெட்டியில் பாகைமானிக்கு அடியில் வைத்தாள்.

அவ்வளவுதான் செய்தாள். அதன் பிறகு எட்டு மாதம் ஒரு பொய்கூட அவள் சொல்லவேண்டி வரவில்லை. டப்பாவைக் குலுக்கினாள், கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள், வந்த எண்ணைச் சத்தமாகப் படித்தாள். சலித்ததில் ஒரு நூலிழை விடாமல் எண்ணினாள். பாட்டில் மூடி, உறிஞ்சு குழாய், வலைத் துண்டு, மிட்டாய்த் தாள், அங்கங்கே மூன்றும் ஐந்துமாகக் குருணை. எல்லாம் உண்மை. இதை அவள் தனக்குத்தானே அடிக்கடி சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

பிள்ளைகளுக்கு அது வெறும் கொண்டாட்டம். "லாட்டரி, இன்னைக்காவது நல்ல நம்பரா எடுடி, போன தடவை நாய் இருந்துட்டுப் போன இடத்துல சட்டத்தை வெக்க வெச்சுட்ட," என்பார்கள். அவளும் சிரிப்பாள். டப்பாவைக் குலுக்கும்போது மட்டும், அதன் சத்தத்தில் பதினைந்து சீட்டு குறைவது யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்று சுற்றி நிற்பவர்கள் முகத்தைப் பார்ப்பாள். காகிதத்துக்கு ஏது சத்தம் என்று தனக்கே சொல்லிக்கொள்வாள். அடுத்த மாதம் மறுபடி பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிடங்கைக் கழுவி வாய்க்காலில் விடுவார்கள். மறுநாள் காலை கணக்கெடுப்பு. வாய்க்காலைத் தாண்டும்போது அவள் மட்டும் மூக்கைப் பிடிப்பதில்லை. கீழே பார்க்காமல் நடப்பதற்கே அவள் கவனம் முழுவதும் தேவைப்பட்டது. ஒவ்வொரு மாதமும் அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு வந்தது.

நடுவில் ஒரு தடவை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு அம்மாள் வகுப்புக்கு வந்து, கிடங்குக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் உங்கள் கரையில் குருணை இத்தனை குறைவாக இருப்பது அதிசயம் என்று பாராட்டிவிட்டுப் போனார். வகுப்பு கைதட்டியது. அவளும் தட்டினாள். டீச்சர் மட்டும் தட்டவில்லை. தாள்களைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தார்.

எட்டாவது மாதம் முடிந்து ஒரு வியாழக்கிழமை, தசமம் ஒரு நீளமான தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். தசமம் வகுப்பில் கணக்கில் முதல் வருகிறவள். மணி கேட்டால்கூட பத்து புள்ளி இரண்டு ஐந்து என்பாள். நூறு மீட்டர் கரையைத் தாளில் நூறு கட்டமாக வரைந்து, அதுவரை எடுத்த நாற்பது எண்களுக்கும் அந்தந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தாள். சுவரில் ஒட்டினார்கள்.

பின் பெஞ்சிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. இந்தப் பக்கம் புள்ளிகள், அந்தப் பக்கம் புள்ளிகள், நடுவில் சுத்தமாகத் துடைத்து விட்டது போல ஒரு வெள்ளைப் பட்டை.

"ஐம்பத்தெட்டுலேருந்து எழுபத்திரண்டு வரை ஒண்ணுகூட வரலை டீச்சர். ஆயிரம் பள்ளிக்கூடம் நாப்பது சீட்டு எடுத்தா, ஒன்று புள்ளி அஞ்சு பள்ளிக்கூடத்துலதான் இப்படி ஆகும்," என்றாள் தசமம்.

"அந்த அரைப் பள்ளிக்கூடத்துல லீவு நிறைய விடுவாங்களாடி?" என்றான் ஒருவன். வகுப்பு சிரித்து அடங்கியது.

அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று டீச்சர் கேட்டார். நாலைந்து பேர் ஒரே குரலில், வாய்க்கால் டீச்சர், நாற்றம் பிடித்த இடம் என்றார்கள்.

டீச்சர் அந்த வெள்ளைப் பட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளும் பார்த்தாள். மூடி மறைக்கிறேன் என்று எட்டு மாதம் பாடுபட்டு, சுவர் அகலத்துக்கு அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. எல்லா எண்களையும் விட்டிருந்தால் ஒன்றோ இரண்டோ அங்கே விழுந்திருக்கும், விழாமலும் போயிருக்கும்.

சீட்டு ஏதாவது டப்பா இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், நாளைக்கு எண்ணிப் பார்ப்போம் என்றார் டீச்சர்.

டப்பா சோதனைச்சாலை அலமாரியில் இருந்தது. அதன் பூட்டு பேருக்குத்தான், இழுத்தால் வந்துவிடும். வெள்ளிக்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்னால் அவள் போய் ஜியாமெட்ரி பெட்டியைத் திறந்து பதினைந்து சீட்டுகளையும் உள்ளே போட்டு, நன்றாகக் கலக்கிவிட்டு வந்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அன்று காலைதான் மூச்சு கொஞ்சம் ஆழமாக வந்தது.

அறிவியல் வகுப்பில் டீச்சர் டப்பாவை மேஜை மேல் கவிழ்த்தார். தசமம் பத்துப் பத்தாக ஒதுக்கி எண்ணினாள். நூறு. குறையில்லை. தசமம் முகம் தொங்கிவிட்டது. அப்படியென்றால் நம் பள்ளிக்கூடம் அந்த ஒன்று புள்ளி ஐந்தில் ஒன்றுதான் என்று முணுமுணுத்துக்கொண்டே இடத்துக்குப் போனாள்.

டீச்சர் எண்ணவில்லை. காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈர மணல் ஒட்டிய விரல்கள் எட்டு மாதமாகத் துழாவிய சீட்டுகள் அவை. சாம்பல் நிறமாகி, மடிப்பு நைந்து, துணி போலக் குழைந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவில் அங்கங்கே, நேற்று வெட்டியது போல் வெள்ளை வெளேரென்று, முனை மழுங்காத பதினைந்து சீட்டுகள். அவற்றை அழுக்காக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பத்திரமாக வைத்திருந்தாள், அதுதான் தப்பு.

டீச்சர் ஒரு வெள்ளைச் சீட்டைப் பிரித்தார். அறுபத்தொன்று. இன்னொன்று. எழுபது. மூன்றாவதைப் பிரிக்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு கையாலும் அள்ளி டப்பாவில் போட்டு மூடினார். நாளைக்குக் கடைசிக் கணக்கெடுப்பு, எப்போதும் போல் இவளே எடுப்பாள் என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னார். இவளைப் பார்க்கவில்லை.

மணி அடித்து எல்லோரும் போன பிறகு அவள் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"நாளைக்கு வேற யாராவது எடுக்கட்டும் டீச்சர்."

"ஏன்?"

அவள் மேஜை விளிம்பைப் பார்த்தாள். யாரோ காம்பஸ் முனையால் கீறிய ஒரு கோடு அதில் இருந்தது. வெளியே பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் ஓய்ந்தது. டீச்சர் அவசரப்படுத்தவில்லை. காரணம் ஒரே ஒரு வார்த்தைதான், அப்பா. அதை வாயில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள்.

"காரணம் சொன்னா மாத்திடுறேன்," என்றார் டீச்சர் கடைசியில். அதற்கும் பதில் வராததால், "சரி, அப்ப நீயே எடு," என்று டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

சாயங்காலம் அப்பா முழங்கால் வரை நனைந்து வந்தார். கழுவுகிற நாள். மடிப்பை உதறினார். அம்மா தைத்த மூட்டைகளைக் கொடுக்கப் போயிருந்தாள். அவள் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, இந்த வலையை வாய்க்கால்ல திருப்பி மாட்டிடுங்கப்பா."

அவர் ஏன் என்று கேட்பார் என்று நினைத்தாள். கேட்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊறிச் சுருங்கிய கால் விரல்களைப் பிடித்துவிட்டுக்கொண்டார். மாட்டினால் தண்ணீர் ஆபீசுக்குள் ஏறும், ஏறினால் அன்றைக்கே அவர் கதை முடிந்தது என்றார். கூட்டி அள்ள ஒரு உறிஞ்சு எந்திரம் வேண்டும் என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தாராம். மேனேஜர் மூன்று தடவையும் நன்றாக எழுதியிருக்கிறாய் என்று சொல்லி மேஜைக்குள் போட்டுக்கொண்டாராம்.

ஜன்னலுக்கு வெளியே மூட்டை அடுக்கின் மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, வலையைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"மழைக்காலத்துல ஒருநாள் பென்சில் எடுக்க உன் பெட்டியைத் திறந்தேன்," என்றார்.

அவளுக்குக் காதுக்குள் கும்மென்றது.

"நூறு சீட்டு, நூறு முடிச்சுன்னு நீ சாப்பிடும்போது சொல்லியிருக்கியே. மறுநாள் கல்தூண்லேருந்து எட்டு வெச்சு நடந்து பார்த்தேன். அறுபத்தஞ்சுல வாய்க்கால்ல வந்து நின்னேன்."

"ஏம்பா கேக்கல?"

"என்ன கேக்கிறது? நான் உன்னைச் செய்யச் சொல்லல. வேணாம்னும் சொல்லல. வேணாம்னு சொல்லியிருக்கணும். தினமும் சொல்லலாம்னுதான் வந்தேன். வாசல்ல நின்னு உதறிட்டு உள்ள வர்றதுக்குள்ள மனசு மாறிடும்."

நாளைக்குத்தான் கடைசி என்று சொன்னாள். எல்லாச் சீட்டும் டப்பாவில் இருக்கிறது, நான்தான் எடுக்க வேண்டும் என்றாள்.

அப்பா எழுந்து துண்டை எடுத்துக் காலைத் துடைத்தார். "கையை விட்டு வர்றதை எடு. அதுக்கு மேல நம்ம கையில என்ன இருக்கு?" என்றார். அது ஆறுதலா, கட்டளையா, கெஞ்சலா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

சனிக்கிழமை காலை கேட்டில் வாட்ச்மேன், யாரு, எங்கே என்று கேட்டார். கடலுக்கு என்றாள். ஆறு நாற்பது என்று எழுதினார்.

கயிறு கட்டியாயிற்று. எல்லோரும் வட்டமாக நின்றார்கள். டீச்சர் டப்பாவைப் பிடித்துக்கொள்ள, அவள் கையை விட்டாள்.

விட்ட உடனேயே தெரிந்துவிட்டது.

விரலுக்குப் பட்டவை எல்லாம் துணி மாதிரி மெத்தென்று இருந்தன. நடுநடுவே முனை கூராக, விறைப்பாகச் சில. இருட்டில்கூடப் பிரித்து எடுக்கலாம். அப்பா சொன்ன வர்றதை எடு என்பது அவளுக்கு இல்லாமல் போய்விட்டது. மெத்தென்றதை எடுத்தால் அது அவள் தேர்ந்தெடுத்தது. விறைப்பானதை எடுத்தாலும் அவள் தேர்ந்தெடுத்ததுதான். உலகத்தில் வேறு யார் கையை விட்டிருந்தாலும் அது குலுக்கல். அவள் கைக்கு மட்டும் இல்லை.

முதல் நான்கையும் மெத்தென்றதாகவே எடுத்தாள். ஒன்பது. எண்பத்துமூன்று. முப்பத்தொன்று. தொண்ணூற்றாறு. தசமம் எழுதிக்கொண்டாள்.

ஐந்தாவதற்குக் கை உள்ளே போனது, வெளியே வரவில்லை. டப்பாவின் தகர விளிம்பு மணிக்கட்டில் அழுந்தியது. ஒரு விறைப்பான முனை சுட்டுவிரலில் குத்தி நின்றது. தள்ளிவிட்டு மெத்தென்ற ஒன்றைப் பிடித்தாள். விட்டாள். மறுபடி பிடித்தாள். "என்னடி, உள்ள குட்டி போடுதா?" என்று யாரோ கேட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அலை மட்டும் வந்து வந்து போயிற்று. டீச்சர் டப்பாவைத் தாங்கிய கையை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் கண் கடலில் இருந்தது.

வாசலில் நின்று உதறிக்கொண்டிருக்கும் அப்பாவை அவள் நினைத்தாளாம். உள்ளே வருவதற்குள் மனசு மாறிவிடும் என்றாரே, அதை. தானும் அந்த வாசலில்தான் எட்டு மாதமாக நிற்கிறோம் என்று தோன்றியதாம். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. விரல்கள்தான் எடுத்தன என்றாள் என்னிடம். கொஞ்ச நேரம் கழித்து, இல்லை, நான்தான் எடுத்தேன் என்றாள்.

வெள்ளைச் சீட்டு. பிரித்துப் படித்தாள். "அறுபத்து நாலு."

வழக்கமாகச் சட்டத்தைத் தூக்குவதற்குச் சண்டை நடக்கும். அன்று தசமம் பேசாமல் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மற்ற நான்கு இடமும் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. அறுபத்து நாலில் பதினோரு மணி வரை உட்கார்ந்தோம். கறுப்புத் துணியை விரித்துப் பத்துப் பத்தாக ஒதுக்கினோம். வெயில் ஏறியது, நாற்றம் பழகிவிட்டது. நிறைய என்று எழுதிவிட்டுப் போய்விடலாம் டீச்சர் என்று ஒருவன் கெஞ்சினான். நிறைய என்பது நம்பர் இல்லை என்றார் டீச்சர். அவள் தலை நிமிராமல் எண்ணினாள். எங்கள் எல்லோரையும்விட வேகமாக எண்ணினாள். அவள் விரல்களுக்கு அது பழக்கமான சரக்கு. ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. தாளில் அந்த எண்ணை எழுதியதும் அவள்தான்.

பிறகு நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. அடுத்த வாரம் ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள் வந்து, வாய்க்கால் வழியாகவே நடந்து கிடங்கின் பின்சுவருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வலை இருக்க வேண்டிய இடத்தில் அறுத்த கம்பி முனைகள் இருந்தன. ஊழியர் ஒருவர் அனுமதியில்லாமல் அகற்றிவிட்டார் என்று கிடங்கிலிருந்து பதில் எழுதினார்கள். எழுதிய அளவில் அது உண்மைதான். எந்திரம் கேட்ட மூன்று கடிதங்களும் மேஜைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. அப்பாவுக்கு வேலை போயிற்று. வீட்டைக் காலி செய்ய இருபது நாள் கொடுத்தார்கள். காலி செய்த அன்று, ஜன்னல் வலை கிடங்கின் சொத்து என்று சொல்லி வாட்ச்மேன் நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்துப் பேசியது அன்று ஒரு நாள்தான் என்கிறாள் அவள்.

டீச்சர் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். முதல் எட்டு மாதமும் டப்பாவில் எண்பத்தைந்து சீட்டுகளே இருந்தன, சரிபார்க்காதது என் தவறு என்று. யார் எடுத்தது என்று அதில் இல்லை. நாற்பது சட்டங்களின் கணக்கையும் தள்ளிவிட்டார்கள். கடைசி ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மறு வருஷத்துப் பட்டியலில் எங்கள் பள்ளி இல்லை. டீச்சர் ஓய்வு பெறும் வரை அதே பள்ளியில்தான் பாடம் எடுத்தார். அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

தசமம் காப்பீட்டு அலுவலகத்தில், வருஷத்துக்கு எத்தனை வீடு தீப்பிடிக்கும் என்று கணக்குப் போடுகிறாள். மேனேஜர் கிடங்கிலேயே பெரிய பதவிக்குப் போனார். வாய்க்காலுக்குப் புது வலை போட்டார்கள். நாலு வருஷம் கழித்துக் கிடங்கையே கரையில் இன்னும் தள்ளி, பள்ளிக்கூடம் இல்லாத இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அம்மா வண்டி இருக்கைகளுக்கு உறை தைக்கிறாள். அப்பா டயர் கடையில் வேலை செய்து இப்போது வீட்டில் இருக்கிறார். வெளியே போய் வந்தால் வாசலில் நின்று கால்சட்டை மடிப்பை உதறிவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒன்றும் விழுவதில்லை. அறுபத்து நாலு எப்படி வந்தது என்று அவளிடம் அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் புட்டிகளுக்கு எண் ஒட்டுகிறாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். டப்பா என்னவாயிற்று என்று கேட்டேன். தெரியாது என்றாள். மூடியில் என்ன படம் என்றும் கேட்டேன். கடைசி வரை மூடியை அவள் கவனித்ததே இல்லையாம்.